விரலே அளவுகோல்: சென்னைப் புல்லட்டும் வீட்டுப் பராமரிப்பின் வரலாறும்

வண்டியை வாங்கியவரே அதைப் பிரித்துத் துடைத்து, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் பூட்டத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, 1950களின் நடுப்பகுதி தொடங்கி 1990களின் இறுதி வரை தமிழ்நாட்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தோரிடையே இயல்பான ஒன்றாக நிலவியது. விடுமுறை நாள் காலையில் வண்டியை வாசலில் நடு ஸ்டாண்டில் ஏற்றி, பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் ஸ்பேனர்களையும் திருப்புளியையும் குறட்டையும் பரப்பி, மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் சங்கிலியைக் கழுவும் காட்சி அக்காலத் தெருக்களுக்குப் புதிதன்று. இந்தப் பழக்கத்தைச் சிக்கனம் என்றோ பொழுதுபோக்கு என்றோ மட்டும் விளக்கிவிட முடியாது. எந்த வேலை தயாரிப்பாளருடையது, எது மெக்கானிக்குடையது, எது உடைமையாளருடையது என்னும் எல்லைக்கோடு இன்றிருக்கும் இடத்தில் அன்று இருக்கவில்லை என்பதே அதன் அடிப்படை. அந்தக் கோடு எவ்வாறு நகர்ந்தது என்பதை அறிய, சென்னையில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக உருவாகிவரும் 'புல்லட்' என்ற ஒரே வண்டியின் வரலாறு பெரிதும் உதவுகிறது.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

இங்கிலாந்தின் வொர்செஸ்டர்ஷயர் பகுதியிலுள்ள ரெட்டிச், தையல் ஊசி உற்பத்திக்குப் பெயர்பெற்ற சிறு நகரம். அங்கு மிதிவண்டி செய்துவந்த ஒரு நிறுவனம் 1890களில் மிடில்செக்ஸின் என்ஃபீல்டிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்ணிய பாகங்களைச் செய்து தரும் ஒப்பந்தத்தைப் பெற்று, அத்தொடர்பின் வழியாக 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயரை ஏற்றது; 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளையும், 1932-இல் 'புல்லட்' என்ற பெயருடைய முதல் வண்டியையும் அறிமுகப்படுத்தியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், பின்சக்கரத்தைச் சுருள்வில்லும் எண்ணெயும் தாங்கும் ஊசலாடு கையுடன் 1949-ஆம் ஆண்டுக்கெனப் புதிதாக வடிவமைக்கப்பட்ட 350 சிசி புல்லட்தான் பின்னர் இந்தியாவுக்கு வந்தது. அதன் சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தொலைவு 90 மில்லிமீட்டர். இவ்விரண்டும் சேர்ந்து தரும் கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர்.

போருக்குப் பிந்தைய பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் காருக்கு வழியில்லாத தொழிலாளியின் வாகனமாக இருந்தது. எரியாமல் எஞ்சிய எரிபொருளும் எண்ணெயும் பிஸ்டன் தலையிலும் வால்வுகளிலும் கரியாகப் படிவதால், குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை சிலிண்டர் தலையைக் கழற்றிக் கரியைச் சுரண்டியெடுக்க வேண்டியிருந்தது. 'டிகார்ப்' என்று பின்னாளில் இங்கும் வழங்கிய இவ்வேலையை உடைமையாளரே வீட்டில் செய்துகொள்வார் என்று கருதியே அக்கால வண்டிகள் வடிவமைக்கப்பட்டன. ஒவ்வொரு வண்டிப் பெயருக்கும் தனித்தனிக் கையேடுகளைப் பதிப்பகங்கள் வெளியிட்டதும் இதனால்தான். புல்லட்டின் கட்டுமானமும் இவ்வழக்கத்துக்கு இசைந்ததாக இருந்தது. இன்ஜின் ஒரு பெட்டியாகவும், அதன் பின்புறம் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்ட கியர்பாக்ஸ் மற்றொரு பெட்டியாகவும் இருந்தமையால், ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைக் கழற்ற முடிந்தது. எண்ணெய்க்கெனத் தனித் தொட்டி இல்லாமல், கிராங்க் தண்டு சுழலும் வார்ப்புக்கூட்டின் பின்பகுதியிலேயே எண்ணெய் அறை அமைந்திருந்ததால், வெளிக்குழாய்களும் அவற்றின் கசிவும் குறைந்தன.

1949 முதல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் இவ்வண்டிகளை இறக்குமதி செய்தது. 1950களின் தொடக்கத்தில் இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்காகப் புல்லட்டுகளைக் கேட்டதைத் தொடர்ந்து, 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 'என்ஃபீல்டு இந்தியா'வை நிறுவின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் 1956-இல் பணி தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து பிரித்த நிலையில் வந்த பாகங்களைப் பூட்டுவதே வேலையாக இருந்தது. அவ்வாண்டு முடிவுக்குள் 163 வண்டிகள் உருவாயின. பின்னர் பாகங்களை வார்க்கவும் கடையவும் தேவையான கருவிகள் சென்னைக்கு வந்து சேர்ந்தன. 1962 அளவில் முழு வண்டியும் இங்கேயே தயாராகியது. 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. சில ஆண்டுகளில் பிரிட்டனில் அந்நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் தயாரிப்பே முடிவுற்றது.

தாய் நிறுவனம் மறைந்ததன் விளைவு வீட்டுப் பராமரிப்பின் வரலாற்றில் மிக முக்கியமானது. ரெட்டிச்சில் வடிவமைப்பு மாறிக்கொண்டே சென்றிருக்க, சென்னையில் 1955-ஆம் ஆண்டின் வடிவமே சிறு திருத்தங்களுடன் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. உரிமமும் ஒதுக்கீடும் ஆட்சி செய்த பொருளாதாரத்தில், போட்டி குறைவாகவும் வாங்கக் காத்திருப்போர் மிகுதியாகவும் இருந்ததால், மாற்றுவதற்கான நெருக்கடியும் எழவில்லை. தொழில்நுட்ப நோக்கில் இது தேக்கமே. ஆனால் பராமரிப்பவர் நோக்கில் இதற்கு வேறொரு பொருள் உண்டு. தந்தை கற்றுக்கொண்ட கைவேலை மகனின் வண்டிக்கும் செல்லுபடியாகியது; இருபது ஆண்டு பழைய வண்டியின் பாகம் புதிய வண்டியில் பொருந்தியது; ஒரு தெருவில் ஒருவர் கற்றது அத்தெரு முழுவதற்கும் உரிய அறிவாகியது.

வாசலில் விரித்த பட்டறை

புல்லட்டைக் கிளப்புவதே அதன் உட்செயலை அறிந்தவரின் வேலையாக இருந்தது. நீண்ட பிஸ்டன் நகர்வும் கனத்த சுழல் சக்கரமும் கொண்ட இன்ஜினை வெறும் பலத்தால் மிதித்தால், அழுத்தப்பட்ட காற்றெரிபொருள் கலவை உரிய நேரத்துக்கு முன் பற்றி, கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும்; கணுக்கால் பிசகியவர்கள் உண்டு. ஆகவே முதலில் சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தியபடி முகப்பு விளக்குக் கூட்டிலுள்ள ஆம்ப் மீட்டரைக் கவனிப்பர். மின்கலத்திலிருந்து வெளியேறும் மின்னோட்டத்தைக் காட்டும் அதன் முள், பற்றவைப்புச் சுற்றின் தொடுமுனைகள் மூடியிருக்கையில் ஒருபுறம் சாய்ந்து நிற்கும். முனைகள் திறக்கும் கணத்தில் நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அப்போது, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் 'டிகம்ப்ரசர்' பிடியை இழுத்து, பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் தள்ளி, பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு வீச்சில் ஒரே மிதி மிதித்தால் வண்டி கிளம்பும். நாள்தோறும் நிகழ்ந்த இச்சடங்கின் வழியாகவே, நூல் படிக்காத ஓட்டுநரும் நான்கு வீச்சு இன்ஜினின் இயக்க முறையைக் காலால் அறிந்துகொண்டார்.

மின்பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கும் அத்தொடுமுனைகளை மக்கள் 'பாயிண்ட்' என்றே அழைத்தனர். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சிறு பொறி தாவுவதால் அவற்றின் முகம் கருகிக் குழியாகும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்து, முனைகள் முழுமையாக விலகி நிற்கும் நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்கும்படி அளவுத்தகடு செருகித் திருக வேண்டும். முனைகள் எந்தக் கணத்தில் விலகுகின்றன என்பதை அறியச் சிகரெட் சுற்றும் தாளைப் போன்ற மெல்லிய தாள்துண்டை இடையே செருகி, இன்ஜினைக் கையால் மெல்லத் திருப்பி, தாள் தளர்ந்து வெளிவரும் இடத்தைக் குறித்துக்கொள்ளும் முறை பிரிட்டிஷ் ஓட்டுநர்களிடமும் இங்குள்ளோரிடமும் ஒருங்கே வழங்கியது.

வால்வு இடைவெளி சரிசெய்வதாகிய 'டேப்பெட் வைத்தல்' இதனினும் நுட்பமானது. புல்லட்டின் வால்வுகள் சிலிண்டர் தலையில் இருக்க, அவற்றை இயக்கும் கேம்கள் கீழே இருந்தன. இரண்டையும் இணைத்தவை 'புஷ் ராடு' எனப்படும் இரு நீண்ட தண்டுகள். இத்தண்டுகளின் நீளத்தைத் திருகி மாற்றும் அமைப்பு, சிலிண்டரின் அடியில் ஒரு சிறு மூடிக்குப் பின் இருந்தது. இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கையில், பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் நிற்க, அம்மூடியைக் கழற்றி, தண்டைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்துச் சுழற்ற வேண்டும். அது தடையின்றிச் சுழலவும் வேண்டும். மேலும் கீழும் சிறிதும் ஆடவும் கூடாது. இதற்கு அளவுத்தகடு பயன்படாது, விரலே அளவுகோல். இறுக்கம் மிகுந்தால் வால்வு முழுதாக மூடாமல் கருகும்; தளர்வு மிகுந்தால் 'டக் டக்' என்ற ஓசை தெரு முனை வரை கேட்கும். அவ்வோசையைக் கொண்டே, வருபவர் யார் என்றும் அவர் வண்டியைக் கவனித்து எத்தனை நாள் ஆயிற்று என்றும் அண்டை வீட்டார் சொல்லிவிடக்கூடிய நிலை இருந்தது.

இதே காலத்தில் ஓடிய இரண்டு வீச்சு வண்டிகளுக்கு வேறு வகை வேலைகள் இருந்தன. 1960களின் தொடக்கத்தில் மைசூரில் தயாரான ஜாவாவுக்கும் ஃபரீதாபாத்தில் தயாரான ராஜ்தூத்துக்கும் பெட்ரோலுடனேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டியிருந்தது. கலந்த எண்ணெயில் ஒரு பகுதி புகையாகவும் கரியாகவும் மாறிச் சைலன்சரை அடைத்தது. வண்டி இழுவை குன்றும்போது, சைலன்சரின் உள்குழாயை உருவி நெருப்பில் சுட்டுக் கரியைத் தட்டியெடுப்பதோ, காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுவதோ வழக்கமாயிற்று. கை வெந்துவிடும் என்பதால் பிள்ளைகளை அருகில் விடாமல் செய்த வேலை இது.

இவ்வேலைகளுக்கெல்லாம் நாட்காட்டியில் ஓர் உறுதியான நாளும் அமைந்திருந்தது. தொழிற்கருவிகளைத் தூய்மைசெய்து வணங்கும் ஆயுத பூசை, வாகனம் வைத்திருந்த வீடுகளில் ஆண்டுக்கொருமுறை முழுச் சுத்திகரிப்பு நாளாக மாறியது. சந்தனமும் குங்குமமும் இடுவதற்கு முன்பாகச் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் அகற்றப்பட வேண்டும். அகற்றுகையில் விரிசல் விட்ட ரப்பரும், அறுந்துகொண்டிருக்கும் கிளட்ச் கேபிளும், காணாமற்போன நட்டும் கண்ணில் படும். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்குவதற்கு முந்தைய மாலையிலேயே பராமரிப்பின் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும்.

லேத் பட்டறையும் புதுப்பேட்டையும்

வீட்டில் செய்ய இயன்றவற்றுக்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லைக்கு அப்பால் நின்றவை தெருமுனைப் பட்டறையும், உலோகத்தைக் கடைந்து தரும் லேத் பட்டறையும், பழைய பாகச் சந்தையும் ஆகும். அயல்நாட்டு உதிரிப்பாகங்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், உள்நாட்டுத் துணைத் தொழில்கள் அந்த இடைவெளியைப் படிப்படியாக நிரப்பின. 1949-இல் சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ், 1951-இல் பெங்களூரில் மைக்கோ, 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பாடியில் லூகாஸ்–டிவிஎஸ் ஆகியவை தொடங்கப்பட்டன. பிஸ்டன், ஸ்பார்க் பிளக், மின்கருவிகள் எனத் தென்னிந்தியாவிலேயே பாகங்கள் தயாரானதால், சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை புதிய பாகங்களுக்கும், புதுப்பேட்டை கழற்றிய பழைய பாகங்களுக்கும் உரிய சந்தைகளாகப் பெயர்பெற்றன.

சிலிண்டர் தேய்ந்தால் அதைத் தூக்கியெறிவது அக்காலத்தில் எவரும் நினையாத செயல். வார்ப்பிரும்புச் சிலிண்டரின் உட்சுவரைச் சீராகக் கடைந்து விரித்து, அதற்கேற்ற சற்றே பெரிய பிஸ்டனைப் போடும் 'ரீபோர்' முறை ஒரே சிலிண்டருக்குப் பல ஆயுள் தந்தது. இருபது, நாற்பது, அறுபது என்று பட்டறையில் வழங்கிய எண்கள், பிஸ்டன் மூல அளவிலிருந்து எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பெருத்துள்ளது என்பதைக் குறித்தன. இருபது என்பது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அறுபதையும் கடந்த சிலிண்டருக்குப் புதிய உறை செருகி மீண்டும் தொடக்க அளவுக்குக் கொண்டுவரும் வழியும் இருந்தது. உடைமையாளர் வீட்டில் சிலிண்டரைக் கழற்றிப் பையில் போட்டு லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்று, கடைந்தபின் திரும்பக் கொண்டுவந்து தாமே பூட்டுவது சாதாரணமாக நடந்தது. ஆகவே வீடும் பட்டறையும் ஒரே வேலையின் இரு கட்டங்களாகச் செயல்பட்டன என்று கொள்வதே பொருத்தம்.

இப்பட்டறைகளில் தொழில் பயின்றவர்களில் பலர் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய சிறுவர்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவுவதுமாகத் தொடங்கி, பஞ்சர் ஒட்டி, கேபிள் மாற்றி, கடைசியில் இன்ஜினைத் தொட அனுமதி பெறுவது வரையிலான படிநிலை, எழுதப்படாத பாடத்திட்டமாக இருந்தது. பழைய பாகங்களின் மறுபிறப்புக்கு இத்தொழிலாளர் காட்டிய வழிகளுள் சென்னையின் 'மீன்பாடி வண்டி' குறிப்பிடத்தக்கது. சுமையேற்றும் மூன்று சக்கர மிதிவண்டிச் சட்டத்தில் கழிக்கப்பட்ட இருசக்கர வாகனத்தின் இன்ஜினைப் பொருத்திய அது, எந்தத் தொழிற்சாலையின் பட்டியலிலும் இடம்பெறாமலும் சட்டத்தின் ஒப்புதல் பெறாமலும் நகரின் மீனையும் இரும்புக் கம்பியையும் நெடுங்காலம் சுமந்தது.

குறை தீர்த்தலும் வேகம் கூட்டலும்

வண்டியில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது என்பது இன்று பெரும்பாலும் அழகூட்டலாகக் கருதப்படுகிறது. முற்காலத்திலோ அது பெரும்பகுதி குறை தீர்த்தலாகவே இருந்தது. பிஸ்டன் கீழிறங்கும்போது கிராங்க் கூட்டிலுள்ள காற்று அழுந்தி, எண்ணெய்த் துளிகளையும் சேர்த்துக்கொண்டு வெளியேற வழி தேடும். அவ்வழியில் ஒரு ரப்பர் வால்வு காற்றை வெளியே விட்டு உள்ளே வராமல் தடுக்க வேண்டும். வாத்தின் அலகுபோன்ற அச்சிறு வால்வு விறைத்துப்போனால், எண்ணெய் மூட்டுகளின் வழியே கசிந்து இன்ஜினின் மேனியெங்கும் பரவும். இதை அறிந்த உடைமையாளர்கள் அம்மூச்சுக்குழாயை நீட்டித்து ஒரு சிறு புட்டியில் கொண்டு முடித்து, கசிவைக் கட்டுப்படுத்தினர். ஆறு வோல்ட் மின்னமைப்பின் மங்கிய வெளிச்சத்தில் இரவுப் பயணம் இடராக இருந்தமையால் அதைப் பன்னிரண்டு வோல்ட்டாக மாற்றி ஹாலஜன் விளக்குப் போட்டதும், அடிக்கடி கருகும் பாயிண்டுகளை நீக்கி மின்னணுப் பற்றவைப்பைப் பொருத்தியதும் இவ்வகையைச் சேர்ந்தவை.

குடும்பப் பயன்பாடும் வண்டியின் வடிவத்தை மாற்றியது. ஒருவர் ஓட்டவும் மற்றொருவர் கால் விரித்து அமரவும் அமைந்த ஐரோப்பிய வடிவத்தில், சேலை உடுத்திய பெண் ஒருபக்கமாக அமர்வதற்கு இடம் இல்லை. முந்தானை பின்சக்கரக் கம்பிகளில் சிக்கும் ஆபத்தைத் தவிர்க்கச் சக்கரத்தின் இடப்புறம் கம்பி வேலி போன்ற 'சேலை கார்டும்', கால் வைக்க நீண்ட பலகையும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் பொருத்தப்பட்டன. பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்தாங்கியும், அவர் உடை சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மூடும் காப்பும் வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வரையறுத்தன. உள்ளூர்த் தேவையிலிருந்து பிறந்த ஒரு சேர்க்கை இவ்வாறு சட்டத்தின் கட்டாயமாகவே ஆனது.

வேகத்தை நாடிய மாற்றங்களுக்கு வேறொரு பிறப்பிடம் உண்டு. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் திறக்கப்படும் வரை, தென்னிந்தியாவின் வேக ஆர்வலர்களுக்குச் சோழவரமே களமாக விளங்கியது. பந்தய வண்டிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது அரிதாக இருந்ததால், அன்றாடச் சாலை வண்டியையே கொட்டகையில் வைத்துக் கூர்தீட்டினர். சிலிண்டர் தலையைச் சிறிது சீவி அழுத்த விகிதத்தைக் கூட்டுவதும், கலவை செல்லும் துளைகளை அரத்தால் விரித்து வழவழப்பாக்கும் 'போர்ட்டிங்' வேலையும், எடை குறைக்க மட்கார்டைக் கழற்றுவதும் பந்தயத்திலிருந்து தெருவுக்கு இறங்கிய நுட்பங்கள். 1985-இல் வந்த 98 சிசி யமஹா ஆர்எக்ஸ் 100, எடை குறைந்த இரண்டு வீச்சு வண்டியாதலால் இந்நுட்பங்களுக்கு மிகவும் இடங்கொடுத்தது. அதன் உற்பத்தி 1996-இல் நின்ற பின்னரும் அதைப் பிரித்துக் கோக்கும் பட்டறைகள் நிற்கவில்லை.

மூடப்பட்ட இன்ஜின்

1980களின் நடுப்பகுதியில் சுசுகி, ஹோண்டா, யமஹா, கவாசாகி ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் இந்தியக் கூட்டாளிகளுடன் இணைந்து 100 சிசி வண்டிகளை அறிமுகப்படுத்தியபோது, பராமரிப்பைப் பற்றிய எண்ணமே மாறத் தொடங்கியது. கசியாத இன்ஜினும், சரிசெய்ய வேண்டாத மின்னணுப் பற்றவைப்பும், எளிதில் கிளம்பும் தன்மையும் கொண்ட அவ்வண்டிகளுடன், குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் 'ஃபிரீ சர்வீஸ்' முறையும் வந்து சேர்ந்தது. வண்டியைத் திறக்காமலிருப்பதே அதன் நலத்துக்கு உகந்தது என்ற கருத்து முதன்முறையாக நிலைபெற்றது இக்காலத்தில்தான்.

புல்லட் இம்மாற்றத்துக்கு ஒரு தலைமுறை தாமதமாக உட்பட்டது. 1994-இல் ஐஷர் குழுமம் என்ஃபீல்டு இந்தியாவை முழுமையாகத் தன்வசப்படுத்தி, ராயல் என்ஃபீல்டு என்ற பழைய பெயரை மீட்டது. வலக்காலில் இருந்த கியரும் இடக்காலில் இருந்த பிரேக்கும் இடம் மாறின. செல்ஃப் ஸ்டார்ட் வந்தது. 2008, 2009 ஆண்டுகளில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய அலுமினிய இன்ஜின் அறிமுகமாகி, வார்ப்பிரும்பு இன்ஜினின் காலம் முடிவுக்கு வந்தது. புதிய இன்ஜினிலும் புஷ் ராடுகள் இருந்தன. ஆனால் எண்ணெய் அழுத்தத்தால் தம் இடைவெளியைத் தாமே நிரப்பிக்கொள்ளும் அமைப்பு அவற்றின் அடியில் வைக்கப்பட்டதால், விரலால் சுழற்றிப் பார்க்கும் வேலை தேவையற்றதாயிற்று. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 மாசுக் கட்டுப்பாட்டு நெறிகள் கார்புரேட்டரையும் வெளியேற்றின; எரிபொருளின் அளவைக் கணினி தீர்மானிக்கலாயிற்று. 2023-இல் வெளிவந்த புல்லட்டில் கேம் சிலிண்டர் தலைக்கே ஏறிவிட்டது. புஷ் ராடும் இல்லை, கிக்கரும் இல்லை.

வேலைகள் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டு நீங்கிய இதே காலத்தில், மேம்பாடு என்ற சொல்லின் பொருளும் நகர்ந்தது. குறை தீர்க்க வேண்டிய இடம் சுருங்கவே, தோற்றமும் ஓசையும் முன்னுக்கு வந்தன. பிரிட்டிஷ் பந்தய வண்டியான பிஎஸ்ஏ கோல்டு ஸ்டாரின் பெயரால் வழங்கிய 'கோல்டி', தடுப்புகள் நீக்கிய 'பஞ்சாப்' முதலிய சைலன்சர்கள் சந்தையில் பரவின. முன்னர் டேப்பெட் ஓசை குறையவேண்டி உழைத்த வாசலில், இப்போது ஓசையைப் பெருக்கும் வேலை நடந்தது.

சட்டமும் இந்நகர்வைப் பின்தொடர்ந்தது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் வாகன மாற்றம் குறித்த 52-ஆம் பிரிவு 2000-இல் திருத்தப்பட்டு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்றாயிற்று. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இத்தடையை உறுதிசெய்தது. அவ்வாண்டே நிறைவேறிய திருத்தச் சட்டம், அனுமதியின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. ஓசையையும் புகையையும் கட்டுப்படுத்தும் நோக்கில் இதற்கு நியாயம் உண்டு. எனினும் வரலாற்று நோக்கில் இது எல்லைக்கோட்டின் இறுதி நகர்வாகும்: வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை, அதை வைத்திருப்பவரிடமிருந்து அதைத் தயாரித்தவரிடம் சட்டப்படி சென்று சேர்ந்தது.

முகப்பு விளக்கின் இருபுறமும் புலிக்கண் போல் மின்னும் சிறு விளக்குகளும், பெட்ரோல் டாங்கின் மேல் தூரிகை பிடித்துக் கையால் இழுத்த பொற்கோடும் ரெட்டிச் காலத்தின் எச்சங்களாகப் புல்லட்டில் நெடுநாள் நீடித்தன. கண்ணுக்குரிய அடையாளங்கள் காக்கப்பட, கைக்குரியவை நீங்கின. பிந்தையவற்றை இன்றும் காண வேண்டுமானால், வார்ப்பிரும்பு இன்ஜினுடைய பழைய வண்டிகள் பதிவைப் புதுப்பிக்க வரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலுக்குச் செல்ல வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த இருசக்கர வண்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை அங்கு வந்து தன் தகுதியைக் காட்ட வேண்டும் என்பது விதி. அங்கு அலுவலர் ஒப்பிட்டுப் பார்ப்பவை வண்டியின் சட்டகத்தில் பொறித்த எண்ணும் இன்ஜினில் பொறித்த எண்ணும் மட்டுமே. அவ்விரு எண்களுக்கும் இடையே இருமுறை கடையப்பட்ட சிலிண்டரும், நாற்பது அளவுப் பிஸ்டனும், பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறிய விளக்கும், மூச்சுக்குழாய் முடியும் புட்டியும் இருக்கும். அவை சான்றிதழின் எந்தக் கட்டத்திலும் எழுதப்படாதவை.